இருமல் மருந்து என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது?



மார்கழிப் பனி இறங்கிவிட்டால் நமது சின்னாளப்பட்டியில் வீட்டுக்கு ஒருவர் இருமுவார். கடை திறந்த கையோடு, "அண்ணாச்சி, இருமல் மருந்து இருக்கா?" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஒரு வீட்டுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி வேண்டும். இன்னொரு வீட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாய் வேண்டும். மூன்றாவது வீட்டுக்கு வேண்டியது பாட்டில். மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான்.

நமது மொழியில் 'மருந்து' என்ற சொல்லின் வீச்சு பெரிது. எலியைக் கொல்வதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, பட்டாசுக்குள் இருப்பதும் மருந்து. 'டானிக்' என்பதோ இன்னும் மோசம். உடம்புக்குத் தெம்பு தருவதற்குத்தான் அந்தப் பெயர். இருமல் பாட்டிலையும் மக்கள் டானிக் என்றே சொல்வதால், ஒரு மூடி கூடப் போனால் என்ன, தெம்புதானே என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

'சிரப்' என்ற சொல் நமக்குத் தூரத்து உறவு. குடிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தது. நாம் கோடையில் விற்கும் நன்னாரி சர்பத்தும் அதே வேரில் பிறந்ததுதான். சித்த வைத்தியர்கள் இதற்கு மணப்பாகு என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடாதோடை மணப்பாகு தெரியாத பாட்டி நமது பக்கத்தில் இல்லை. பாகு என்றால் என்ன என்று மளிகைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கில மருத்துவத்திலும் அதே கணக்குத்தான்: 1,000 கிராம் சிரப்பில் 667 கிராம் சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை இருந்தால் எளிதில் கெடாது. ஆகவே சிரப் என்பது மருந்தின் பெயரே அல்ல, மருந்தைக் கரைத்து வைக்கும் பாகின் பெயர். உள்ளே கரைந்திருப்பது எது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. வினையெல்லாம் அங்கேதான்.

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் என்ற நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' சிரப்பை 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா பகுதிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மாண்டன. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்தத் தொகுப்பில் 48.6 சதவீதம் டை எதிலீன் கிளைக்கால் இருந்தது. பாட்டிலில் ஏறக்குறைய பாதி! வண்டி பிரேக் எண்ணெயிலும் பெயிண்டிலும் சேரும் பொருள் அது. நாக்கில் இனிக்கும், பாகு போலவே கெட்டியாக இருக்கும். அதனால்தான் பார்த்தும் ருசித்தும் யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அக்டோபர் 1-ஆம் தேதி தமிழகத்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே மாதம் உரிமமும் ரத்தானது.

இது புதிதன்று. 1937-இல் அமெரிக்காவில் இதே பொருளில் கரைத்த ஒரு மருந்து நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. அதற்கு 'எலிக்சிர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எலிக்சிர் என்றால் சாராயம் கலந்திருக்க வேண்டும், இதில் கலக்கவில்லை, எனவே பெயர் பொய் என்றுதான் அந்நாட்டு அரசால் வழக்குப் போட முடிந்தது. நஞ்சு விற்றதற்குச் சட்டம் இல்லை, பெயர் தவறியதற்கு இருந்தது! மறு ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள்.

நமது கதைக்கு வருவோம். முப்பது வருடங்களுக்கு முன், சில்லறையும் மொத்தமும் ஒரே கடையாக இருந்தபோது, தைல டப்பாக்களுக்குப் பக்கத்தில் நாமும் நான்கைந்து சிரப் பாட்டில் வைத்திருந்தோம். தறி நெய்யும் வீட்டு ஆத்தா ஒருவர் பெரிய பேரனுக்கு வாங்கிப்போனார். மீதியைச் சின்னவனுக்கும் அதே அளவில் ஊற்றிவிட்டார். பால்குடி மறக்காத பிள்ளை. பொழுது விடிந்தும் எழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடி, மறுநாள்தான் கண் திறந்தான். நஞ்சு ஒன்றும் இல்லை. நல்ல மருந்துதான், அளவுதான் பெரியவனுடையது. "உங்க கடையில வாங்குனதுதானே அண்ணாச்சி" என்று அந்த ஆத்தா கேட்டபோது, நமக்குப் பதில் வரவில்லை. அன்று சாயந்திரமே மிச்சப் பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கினோம்.

"கிராமத்துக் கடையில் விற்கலாம் என்று சட்டம் இருக்கிறதே" என்று சில அன்பர்கள் இன்றும் நம்மிடம் வாதாடுவது உண்டு. 1945-ஆம் வருட மருந்து விதிகளின் 'கே' அட்டவணையைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சலுகை ஆயிரம் பேருக்கு மேல் குடியில்லாத கிராமத்துக்கு மட்டும். சின்னாளப்பட்டியில் இருபதாயிரத்துக்கு மேல் மக்கள்! நமக்கு அது என்றைக்கும் பொருந்தியதில்லை. அந்தப் பட்டியலிலிருந்தே 'சிரப்' என்ற சொல்லை நீக்க மத்திய அரசு 2025 டிசம்பரில் வரைவு வெளியிட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் சிரப் கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரிலேயே அறிவுறுத்தியும் இருக்கிறது.

மணப்பாகு விஷயம் வேறு. சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்கத்தான் உரிமம் வேண்டும், விற்கத் தனி உரிமம் கேட்பதில்லை. பக்கத்தில் காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய பணிகளின் தொடர்ச்சியாக லட்சுமி சேவா சங்கத்தில் இவ்வகை மருந்துகள் தயாராகின்றன. இருந்தாலும் லேபிளில் உரிம எண், தொகுப்பு எண், காலாவதி நாள் மூன்றும் இல்லாத பாட்டிலை, எவ்வளவு கமிஷன் தந்தாலும், கடைக்குள் ஏற்ற வேண்டாம்.

நமக்குச் சொந்தமானவை கடைச்சரக்குகள்: அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி, பனங்கற்கண்டு. இவற்றைப் புழு இல்லாமல், கலப்படம் இல்லாமல் கொடுத்தால் போதும். தேன் கேட்டால் மட்டும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கா என்று விசாரியுங்கள். அந்த வயதில் தேனும் ஆகாது.

போன வாரம் ஒரு சிறுமி வந்து இருமல் மருந்து கேட்டாள். "யாருக்கும்மா?" என்றோம். "தம்பிக்கு." "எத்தனை வயசு?" விரலை எண்ணிப் பார்த்து, "இன்னும் நடக்கலை" என்றாள். கடைப் பையனைக் கூட அனுப்பி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னோம்.