குழு இகழ்ச்சியும் மானநஷ்ட வழக்கும்

மானநஷ்டமாவது, ஒருவரைச் சுட்டி அவரது நன்மதிப்பைப் பிறரிடத்துக் குறைக்கும் பொய்க்கூற்றினை வெளியிடுதலாகும். இவ்வரைவிலக்கணத்தில் ‘ஒருவரைச் சுட்டி’ என்னும் பகுதி சிறப்பாகக் கருதற்பாலது. ஒரு பத்திரிகை தனியொருவரை விடுத்து, ஓர் இனத்தையோ தொழிலினரையோ கட்சியையோ முழுமையாக இகழுமாயின், அக்குழுவினர் ஒருவர் அப்பத்திரிகைமீது வழக்குத் தொடரலாமா? இவ்வினாவுக்கு ஆங்கிலச் சட்டம் அளித்த விடை ஆராயத்தக்கது.

1858 ஆம் ஆண்டில், ஈஸ்ட்வுட் எதிர் ஹோம்ஸ் என்னும் வழக்கில் நீதிபதி வில்ஸ் ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். வழக்கறிஞர் யாவரும் கள்வரென ஒருவன் எழுதினும், குறித்த ஒருவரைச் சுட்டுவது எதுவும் ஆண்டில்லையாயின், எவ்வழக்கறிஞரும் அதன்பொருட்டு வழக்கிட இயலாது என்பது அவர் கருத்து.

இக்கொள்கை 1944 ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபையிற் கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டன் பத்திரிகையொன்று, ‘இளம் ருஷ்யா’ என்னும் புலம்பெயர்ந்தோர் இயக்கத்தினரை ஹிட்லருக்குத் துணைபோகும் துரோகிகளெனச் சாடிற்று. உலகெங்கும் ஏறக்குறைய 2000 உறுப்பினரைக் கொண்ட அவ்வியக்கத்துக்குப் பிரித்தானியாவில் 24 பேரே இருந்தனர். அவர்தம் தலைவரான க்னுப்பர் வழக்குத் தொடுத்தார். கட்டுரையில் அவர் பெயரில்லை. எனினும் அதனைப் படித்தபோது அவரையே தாம் நினைத்ததாகச் சாட்சிகள் சிலர் கூறினர். போர் மூண்ட நாட்டிற் பகைவரின் துணைவரெனக் கருதப்படுதல் ஓர் அந்நியருக்கு எத்துணை இடர் தரும் என்பது வெளிப்படை. ஆயினும், முதல் நீதிமன்றில் வென்ற அவர் மேன்முறையீட்டிற் தோற்றார்; பிரபுக்கள் சபையும் அம்முடிவையே உறுதிசெய்தது. கட்டுரை பல நாடுகளிற் பரந்திருந்த இயக்கத்தைப் பற்றியதேயன்றி, அவரைத் தனியே சுட்டியதன்று என்பதே காரணம்.

குழு பெரிதாயின் வழக்கில்லை, சிறிதாயின் உண்டு என இதற்குப் பொருள்கொள்ளுதல் தவறாகும். அக்கூற்று வழக்காளியைப் பற்றி வெளியிடப்பட்டதா என்பதே வினாவென அற்கின் பிரபு விளக்கினார். ஒரு சங்கத்தின் நிருவாகிகள் ஐவரும் பணத்தைக் கையாடினரென எழுதின், அச்சொல் ஒவ்வொருவரையும் சென்று தைக்கும். ஆதலின் ஐவரும் தனித்தனியே வழக்கிடலாம். ஓர் ஊரார் அனைவரும் வஞ்சகரெனின், படிப்போர் அதனை மிகைக்கூற்றெனத் தள்ளுவர். அத்தகைய சொல்லுக்கெல்லாம் ஊரார் ஒவ்வொருவரும் நட்டஈடு கோரலாமாயின், நேர்மையான கண்டனத்தையும் எழுதப் பத்திரிகைகள் அஞ்சும்.

அங்ஙனமாயின் இகழப்பட்ட சமூகத்துக்குப் புகல் யாது? அதனைப் பொதுக் குற்றச்சட்டத்திலேயே தேடல் வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, ஒரு குழுவைப் பற்றிய கூற்றும் அவதூறாகலாமெனக் கொண்டிருந்தது. அவ்வதூறு அத்தியாயம் 2002 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் வந்த 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், பாகுபாட்டையோ பகைமையையோ வன்செயலையோ தூண்டுமாறு இன, மத வெறுப்பைப் பரப்புதலைக் குற்றமாக்கிற்று. முன்னையது மதிப்பைக் காத்தது. பின்னையது அமைதியைக் காக்க முயல்வது. தூண்டுதலென்னும் அளவை எட்டாத இகழ்ச்சி இவ்விரண்டுக்கும் இடையே தப்பிவிடுகின்றது. அவ்விடத்து எஞ்சுவன பத்திரிகாசிரியரின் பொறுப்புணர்ச்சியும், இகழப்பட்டோர் அதே பத்திரிகையில் எழுதும் மறுப்புமேயாம். அம்மறுப்புக்கு இடமளித்தல் பத்திரிகைக்குச் சலுகையன்று, கடமையாகும்.