மோட்டார் வண்டியின் மூச்சு

படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை நோக்கி ஒரு வாடகைக் கார் வருகின்றது. வாவியோரத்தை அடையும்போது, சாரதியின் முன்னாலுள்ள பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கொன்று ஒளிர்கின்றது. கார் நின்றுவிடவில்லை. ஆயினும் சந்தியில் வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் நடுங்குகின்றது. மீண்டும் மிதித்தால் ஒரு கணம் தயங்கிய பின்னரே இழுக்கின்றது. மறுநாட் காலையில் கராச்சுக்குக் கொண்டுபோய் ஸ்கேனரைப் பொருத்தினால் ‘பீ 0171’ என்னும் குறி தோன்றுகின்றது. “ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது” என்று அப்பொழுதே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பல நாள் உழைப்பை விலையாகக் கொடுத்துப் புதியதொன்று வாங்கிப் பூட்டப்படுகின்றது. ஒரு வாரம் கழிவதற்குள் அதே மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகின்றது.

இத்தகைய தீர்ப்புகள் பெரும்பாலும் பிழையாகிவிடுவது ஏன்? குறியைச் சரியாக வாசிக்காமையே காரணம். பீ 0171 என்பதன் பொருள், ‘முதலாம் வரிசைச் சிலிண்டர்களில் கலவை மெலிந்திருக்கின்றது’ என்பது மட்டுமே. உணரி பழுதென்று அது ஓரிடத்திலும் கூறவில்லை. உணரியின் சொந்த நோய்களுக்கு வேறு குறிகள் உண்டு. அது மந்தமாக வேலை செய்தால் பீ 0133. அசைவே இல்லையென்றால் பீ 0134. அதனைச் சூடேற்றும் கம்பிச்சுருளின் மின்சுற்றிற் கோளாறு என்றால் பீ 0135. காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை வீசிவிட்டு வேறொன்று வாங்கினால் காய்ச்சல் தணியுமா?

மெலிந்த கலவை என்பது யாது? ஒரு கிலோகிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். காற்று இதனினும் மிகுந்தாலோ பெற்றோல் குறைந்தாலோ கலவை மெலிந்தது எனப்படும். மறுதலையாயின் செறிந்தது எனப்படும். மெலிந்த கலவையால் எஞ்சின் தடுமாறும், இழுவை குறையும், பளுவேறும்போது உள்ளே ‘டக் டக்’ என்று அடிக்கும். பாரம் ஏற்றி நெடுந்தூரம் இந்நிலையில் ஓடினால் வால்வுகளும் பிஸ்டன்களும் வெப்பத்தாற் கெடுதலும் கூடும்.

எரிந்தபின் எஞ்சிய ஒட்சிசனை அளப்பதற்காகப் புகைக்குழாயில் பதிக்கப்பட்டதே ஒட்சிசன் உணரி. ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார் ஆக்கிய இக்கருவி, 1976இல் சுவீடனின் வொல்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டமே அதற்குத் தூண்டுகோல். அதன் உள்ளே சேர்க்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள் உள்ளது. 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், வெளிக் காற்றிலும் புகையிலும் உள்ள ஒட்சிசனின் வேறுபாட்டுக்கு ஏற்ப அது மின்னழுத்தம் பிறப்பிக்கும். கலவை செறிந்திருப்பின் 0.9 வோல்ற்று அளவிலும், மெலிந்திருப்பின் 0.1 வோல்ற்று அளவிலும் காட்டும். எஞ்சினை ஆளும் கணினி இச்செய்தியைக் கொண்டே பெற்றோலைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்கின்றது. கூட்டிக் கூட்டி எல்லையைக் கடந்த பின்னரே மஞ்சள் விளக்கை ஏற்றுகின்றது.

கணினி எவ்வளவு கூட்டியது என்ற கணக்கையும் ஸ்கேனர் காட்டும். எரிபொருள் திருத்தம் என்னும் அந்த எண்ணைப் பாராமல், குறியை மாத்திரம் வாசித்து ஸ்கேனரைக் கழற்றுவது பெருந்தவறு. அது நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 20, 25 என்று ஏறி நின்றால் நோய் உண்டு. வண்டி நின்றபடி ஓடும்போது 20ஆக இருந்த எண், நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில் ஐந்தாகக் குறைந்தால் எங்கோ ஒரு குழாய் வெடித்துக் காற்று கள்ளத்தனமாக உட்புகுகின்றது என்று கொள்ளலாம். எஞ்சின் மிகுந்த காற்றை இழுக்கும்போது அச்சிறு துவாரத்தின் பங்கு அற்பமாகிவிடுவதே காரணம். வேகமும் பளுவும் ஏற ஏற எண்ணும் ஏறுமாயின் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்றோட்ட மானியில் தூசு படிந்து குறைவாக அளக்கின்றது. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் தாங்கிகள் அடிவரை வற்றியதும் கலன்களிற் சேமித்த பெற்றோல் ஊற்றப்பட்டதும் பலர் நினைவில் இருக்கும். அடியில் தங்கிய கசடு வடிகட்டியை அடைப்பதற்கு இவையெல்லாம் வாய்ப்பானவை.

காற்றுக் கசிவைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வாவி மீன்களின் இசையைக் கேட்க விரும்பும் மட்டக்களப்பு மீனவர், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்ப்பது ஊரறிந்த வழக்கம். அவ்வாறே ஈரடி நீள இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினின் உறிஞ்சு குழாய்கள் நெடுகிலும் கொண்டுசென்றால் ‘உஸ்’ என்னும் சீறல் பிடிபடும். சுழலும் விசிறியையும் பட்டியையும் விட்டு விலகி இதனைச் செய்தல் வேண்டும். ஐயமுள்ள இடத்தில் சிறிது தண்ணீரை விசிறினாலும் எஞ்சினின் ஓசை மாறும். சிலர் இதற்குப் பெற்றோலையே தெளிப்பதுண்டு. சூடான எஞ்சினில் அது உயிருக்கே உலை வைக்கும் செயல்.

எழுவான்கரை வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை இருக்கின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இடையே உப்புக் காற்று. புகைக்குழாயின் மூட்டுகள் துருப்பிடித்து, உணரிக்கு முன்னால் ஓட்டை விழுந்தால் வெளிக் காற்று உள்ளே இழுக்கப்படும். உணரி அதனை எஞ்சிய ஒட்சிசன் என்றே எண்ணும். ஒரு பிளக் பற்றாமற் போனாலும் எரியாத ஒட்சிசன் வந்து அதே மயக்கத்தை உண்டாக்கும். கலவை உண்மையில் மெலிந்திராதபோதும் கணினி பெற்றோலை அள்ளி வழங்கும். மெலிவு என்று குறி கூற, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்திருக்குமாயின், இந்தப் பொய்ம்மெலிவையே முதலில் ஐயுறுக.

உணரி கெடுவதே இல்லை என்பதல்ல. உப்பீரம் அதன் இணைப்பூசிகளை அரிக்கும். 2011 சனவரியில் மட்டக்களப்பைச் சூழ்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் வண்டியைச் செலுத்தினால், சூடான பீங்கான் குளிர்நீர் பட்டு வெடிக்கக்கூடும். எஞ்சின் மூடியின் ஓரங்களில் அப்பும் மலிவான சிலிக்கன் பசையின் ஆவி உணரிக்கு நஞ்சு. ‘உணரிக்கு ஏற்றது’ என்று குறித்த பசையே பூசத்தக்கது. உணரி உயிரோடு இருக்கின்றதா என்பதை நொடியில் அறியலாம். எஞ்சின் சூடேறிய பின் சட்டென்று மிதித்தால் அழுத்தம் 0.8 வோல்ற்றுக்கு மேல் தாவும், விட்டதும் சரியும். அவ்வாறு ஏறி இறங்கினால் அதனை மாற்றுவது வீண்செலவு. ஆனால் பல ஜப்பானிய கார்களின் முன்னுணரி வேறு வகையினது. அதற்கு இந்த வோல்ற்றுக் கணக்குப் பொருந்தாது. அவ்வண்டிக்குரிய அளவுகளை ஸ்கேனரிலேயே ஒப்பிட வேண்டும்.

வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையில் தேறிவிட்டதைக் காட்டி, “வண்டி சுகமாகத்தான் இருக்கிறது” என்று சிலர் வாதிடுவர். மெலிந்த கலவையில் காபனோரொட்சைட்டு இயல்பாகவே குறைவு. மெலிவு மிகுந்து பற்றாமற்போகும் நிலை வந்த பின்னரே எரியாத ஐதரோகாபன் அங்கே பிடிபடும். ஆகவே பழுதைத் திருத்திக் குறியை அழித்ததும், மூன்று நான்கு நாள் வழக்கமான பாதையில் ஓட்டி, திருத்த எண் பத்துக்குள் வந்து நிற்கின்றதா என்று மறுபடியும் ஸ்கேனரிற் பார்த்துவிட்டுத்தான் கராச்சின் கணக்கைத் தீர்க்கவேண்டும்.