முகம் தரும் மறுமொழி

அண்மையில் இணுவிலில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். படலையடியில் நின்று வெங்காய விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள், உள்ளே வந்து மகனை இழந்த தாயைக் கண்டதுமே மாறிப்போயினர். புருவங்கள் நெருங்கின; வாயோரங்கள் தாழ்ந்தன. எவரும் அதை எண்ணிச் செய்யவில்லை.

இதனை நாம் மரியாதை என்கிறோம். ஆனால் மரியாதைக்கும் முந்திய ஒன்று நமது தசைகளில் நிகழ்கிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் உல்ஃப் டிம்பெர்க், சிலரின் முகத்தில் சிறு மின்முனைகளை ஒட்டி, சிரித்த முகங்களினதும் சினந்த முகங்களினதும் படங்களைக் காட்டினார். சிரித்த முகத்தைக் கண்டபோது வாயோரத்தை மேலிழுக்கும் கன்னத்தசையும், சினந்த முகத்தைக் கண்டபோது புருவத்தைச் சுருக்கும் தசையும் கூடுதலாக இயங்கின. இவ்வாய்வு 1982இல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், வினாடியின் நூறில் மூன்று பங்கு நேரமே படத்தைக் காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகமொன்றால் மறைத்தனர். சிரிப்பையோ சினத்தையோ கண்டதாகப் பார்த்தவர்கள் உணரவில்லை. ஆயினும் தசைகள் மறுமொழி தந்தன.

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை தொடங்கி உவகை ஈறாக எட்டு வகை கூறுகிறது. ஒருவரின் மெய்ப்பாடு அடுத்தவர் முகத்திலும் தொற்றுகிறது என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் எல்லார்க்கும் நம் முகம் ஒரேயளவாய் இணங்குவதில்லை. நம்மவர் எனக் கருதுவோரின் துயருக்கு அது எளிதில் இணங்கும். பிறத்தியார் என ஒதுக்கியோரிடம் குறையும் எனப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. சாதிவேலி முற்றாக விழாத நம் ஊர்களில் இது ஒரு மனச்சாட்சிச் சோதனை.

கிராமத் தொண்டர்களாகிய நமக்கும் இதில் பாடமுண்டு. காணாமற்போன பிள்ளையைப் பற்றிச் சொல்லும் தாயிடம், படிவத்தைப் பார்த்தபடியே கேள்வி கேட்கிறோம். ஒருமுறை ஒரு தாய் என்னிடமே சொன்னார்: "பாதர், எழுதினது காணும். என்ரை முகத்தை ஒருக்காப் பாருங்கோ." வெட்கிப்போனேன். குனிந்திருக்கும் முகம் எதற்கும் மறுமொழி தராது.

இன்னொன்று. முகவாதத்தாலோ நெடுந்துயராலோ சிலர் முகம் அசையாதிருக்கலாம். அவர்களைக் கல்நெஞ்சர் என எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே, அடுத்த வீட்டுத் தரிசிப்பின்போது முதல் பத்து நிமிடங்கள் படிவம் பையிலேயே இருக்கட்டும். அவர்கள் பாயில் இருந்தால் நாமும் பாயில் இருப்போம். முகம் பார்த்துக் கேட்போம். துயர முகத்தை வலிந்து வரவழைக்க வேண்டியதில்லை. அழுவோரோடு சேர்ந்து அழுமாறு புனித பவுல் உரோமையருக்கு எழுதினார். அதற்கு வேண்டிய தசைகளை இறைவன் முன்பே நம் முகத்தில் வைத்திருக்கிறார்.