உப்புக் காற்றுக்கு எந்த மவுண்டன் பைக் தாங்கும்? ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம் வாங்கும் முன் தூத்துக்குடிக்காரர்கள் பார்க்க வேண்டியவை

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு திரும்ப வேண்டும். தார் ரோடு வேண்டாம். உப்பளக் கரை, தேரிக்காடு, பனங்காட்டு வண்டித்தடம், லீவு கிடைத்தால் மலை. இந்த ஆசையோடு தூத்துக்குடி பக்கம் சைக்கிள் தேடுபவரின் செல்போனில் முதலில் வந்து நிற்பது, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த ‘ஃபுல் சஸ்பென்ஷன்’ மவுண்டன் பைக். நல்ல பிராண்டில் விலை லட்சங்களில் ஓடும். சேமிப்போ, இ.எம்.ஐ.யோ, எதுவானாலும் சின்னத் தொகை இல்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ‘140 மி.மீ. டிராவல்’. ஆனால், மலைப்பக்கம் இருப்பவர் அவ்வளவாகக் கவலைப்படாத ஒரு கேள்வியை இந்தக் கடற்கரையில் இருப்பவர் முதலில் கேட்டாக வேண்டும்: உப்பு இந்த ஃபிரேமை என்ன செய்யும்?

ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் என்ன?

மவுண்டன் பைக்கில் பொதுவாக மூன்று வகை. ஷாக்கே இல்லாதது ‘ரிஜிட்’. முன் ஃபோர்க்கில் மட்டும் ஷாக் இருந்தால் ‘ஹார்டெயில்’. பின் சக்கரத்துக்கும் ஷாக் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். இதில் ஃபிரேம் ஒரே துண்டு கிடையாது. முன் பாகம் தனி, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகம் தனி. இரண்டையும் ‘பிவட்’ எனப்படும் மூட்டுகள் இணைக்கின்றன. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் பேரிங். நடுவில் ஒரு ஷாக்.

பின் சக்கரம் மேலே எவ்வளவு நகரும் என்பதுதான் டிராவல். 100 முதல் 120 மி.மீ. வரை வேக ஓட்டத்துக்கு. 120 முதல் 150 வரை நாள் முழுக்க ஓட்டும் ‘டிரெயில்’ வகை. அதற்கு மேலே போனால் செங்குத்தான இறக்கங்களுக்கு.

இந்த வண்டியின் பிறப்பிடமே மலை. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்ட்டி மலைச்சரிவுகளில் பழைய கனத்த சைக்கிள்களை மாற்றியமைத்து இறக்கத்தில் ஓட்டிய இளைஞர்களிடமிருந்து வளர்ந்தது இந்த விளையாட்டு. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. அதனால் ஃபிரேமின் வடிவமும் ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்தே வரையப்படுகிறது. சமவெளிக்காரர் இதை மறக்கக்கூடாது.

நம்ம மண்ணுக்கு இது தேவையா?

இடத்துக்கு இடம் பதில் மாறும்.

உப்பளக் கரைகள் பெரும்பாலும் தட்டை, இறுகிய மண். பின் ஷாக்குக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பல உப்பளங்கள் தனியார் இடம் என்பதால் கேட்டுவிட்டு நுழைவதுதான் மரியாதை.

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் சுற்றுவட்டாரத் தேரியில் கதையே வேறு. இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த, காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. சக்கரம் புதைந்தால் எவ்வளவு விலையுள்ள ஷாக்கும் தூக்கிவிடாது. அங்கே கைகொடுப்பது டயரின் அகலமும் குறைந்த காற்றும்தான். அதிகம் தேரியில்தான் ஓட்டப்போகிறார் என்றால் 4 அங்குல டயர் போட்ட ‘ஃபேட் பைக்’ அவருக்குப் பொருத்தம். கூடவே உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு. டியூப் இல்லாமல், உள்ளே ‘சீலன்ட்’ திரவம் ஊற்றிய டயர் இந்தப் பகுதியில் ஷாக்கை விட முதல் தேவை.

பனங்காட்டு வண்டித்தடம், வேர், காய்ந்து இறுகிய குளம்புத் தடம் என்று மணிக்கணக்கில் குலுக்கும் பாதையில்தான் ஃபுல் சஸ்பென்ஷன் தன் காசுக்கு வேலை செய்யும். ஒவ்வொரு குலுக்கலையும் இடுப்பு வாங்குவதற்குப் பதிலாக ஷாக் வாங்கிக்கொள்ளும். ஐந்தாவது, ஆறாவது மணி நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மலை என்றால் சந்தேகமே இல்லை, பின் ஷாக் உதவும். ஆனால், பக்கத்தில் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே சைக்கிளோடு நுழைவது குற்றம். மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் வல்லநாடு வெளிமான் சரணாலயத்துக்கும், தேரியில் காப்புக்காடாக உள்ள பகுதிகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஆக, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷத்தில் 50 நாள் ஓட்டுவீர்கள் என்றால், அதில் கரடுமுரடு எத்தனை நாள்? அஞ்சாறு நாள்தான் என்றால் நல்ல ஹார்டெயில் போதும். மிச்சப் பணத்தில் டயரும் பயணச் செலவும் வந்துவிடும். பாதிக்கு மேல் கரடுமுரடு என்றால் ஃபுல் சஸ்பென்ஷன் பக்கம் போகலாம். அப்போதும் 120 மி.மீ. டிராவல் தாராளம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் சமவெளியில் எடையாகச் சுமக்க வேண்டியிருக்கும்.

உப்பு எங்கே கடிக்கும்?

தமிழ்நாட்டில் உப்பு அதிகம் விளையும் மாவட்டம் தூத்துக்குடி. அந்த உப்பு காற்றிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதாவது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு அப்படியே மாடிப்படிக்குக் கீழே நிறுத்திய சைக்கிளில், ராத்திரி முழுக்க உப்புத் தண்ணி வேலை செய்துகொண்டிருக்கும்.

உப்பளத்து வேலைக்குப் போகிறவரின் பழைய கறுப்பு ஸ்டீல் சைக்கிளும் துருப்பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால், அதில் பேரிங் உள்ள இடங்கள் கொஞ்சம்: இரண்டு சக்கரம், பெடல், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து. எல்லாவற்றையும் தெருமுனைக் கடையில் கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டிவிடலாம். ஃபுல் சஸ்பென்ஷனில் இவற்றோடு பிவட் பேரிங்குகளும் சேர்கின்றன. பல ஃபிரேம்களில் எட்டு, அதற்கு மேலும் இருக்கும்.

இந்த பேரிங்குகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. சக்கர பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும். கிரீஸ் எல்லா இடத்துக்கும் பரவும். பிவட் பேரிங் சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசையும். குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்தும், அங்கே கிரீஸ் விலகிவிடும். அந்த இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் பேரிங் இறுகும், பிறகு ‘கிரீச்’ சத்தம், பிறகு ஆட்டம். கவனிக்காமல் விட்டால் பேரிங் உட்காரும் குழியே தேய்ந்து, ஃபிரேமுக்கே கேடு வரும்.

சரி, எந்த உலோகம் நல்லது? ஸ்டீல் துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால், உப்பு அதன் மேல்படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். கார்பன் அரிக்காது, ஆனால், அதோடு ஒட்டியிருக்கும் அலுமினியப் பாகங்கள் அரிக்கும். உப்பிடமிருந்து முழுசாகத் தப்பிக்கும் ஃபிரேம் என்று இவற்றில் எதுவும் இல்லை. எனவே, உலோகத்தை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது மூட்டுகளின் எண்ணிக்கையையும், அவற்றைக் கழற்றி மாட்டுவது எவ்வளவு சுலபம் என்பதையும்.

இந்தக் கணக்கில் இரண்டு வடிவங்களுக்கு மதிப்பெண் அதிகம். ஒன்று, ஒரே பெரிய மூட்டில் அசையும் ‘சிங்கிள் பிவட்’. இன்னொன்று ‘ஃபிளெக்ஸ் ஸ்டே’. இதில் பின் அச்சுக்குப் பக்கத்தில் மூட்டு கிடையாது. பின் குழாயே லேசாக வளைந்து கொடுக்கும். ‘ஹார்ஸ்ட் லிங்க்’ போன்ற நான்கு மூட்டு அமைப்புகள் பிரேக் பிடிக்கும்போது இன்னும் நிதானமாக நடந்துகொள்ளும். ஆனால், அந்த நிதானத்துக்கு விலையாகக் கூடுதல் பேரிங்குகளைப் பராமரிக்க வேண்டும்.

நாள் முழுக்க உட்கார முடியுமா?

சீட் குழாயின் கோணத்தைப் பாருங்கள். புதிய டிரெயில் ஃபிரேம்களில் இது 76, 77 டிகிரி வரை நிமிர்ந்திருக்கும். செங்குத்து ஏற்றத்தில் உடம்பை முன்னே கொண்டுவர இது அருமை. சமவெளியில் அதே கோணம் உடல் எடையைக் கைகளில் தள்ளும். மணிக்கணக்கில் அப்படியே ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். கடற்கரைப் பக்கமே அதிகம் ஓட்டுபவருக்கு 74, 75 டிகிரி வசதி.

அடுத்து, ‘ரீச்’ என்ற அளவை மட்டும் பார்த்து சைஸ் எடுக்காதீர்கள். அது எழுந்து நின்று ஓட்டும்போதுள்ள நீளம். உட்கார்ந்து ஓட்டுபவர் பார்க்க வேண்டியது ‘எஃபெக்டிவ் டாப் டியூப்’, அதாவது சீட்டிலிருந்து ஹேண்டில்பார் கழுத்து வரையிலான கிடைமட்ட நீளம்.

மூன்றாவது விஷயம், தண்ணி பாட்டில். மணிக்கு அரை லிட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர் வேண்டும். ஆனால், ஷாக் இடத்தை அடைத்துக்கொள்வதால் பல ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம்களில் ஒரு பாட்டிலுக்குத்தான் இடம். மீதி முழுக்க முதுகுப் பையில், முதுகு வலியோடு. இரண்டு பாட்டில் மாட்ட முடிகிற ஃபிரேம் இந்த வெயிலுக்குப் பெரிய வரம்.

பராமரிப்புக் கணக்கு

உட்கார்ந்த உடனே பின் ஷாக் கொஞ்சம் அமுங்க வேண்டும். அதன் பெயர் ‘சாக்’. டிரெயில் வண்டிக்குப் பொதுவாக 25 முதல் 30 சதவீதம். ஷாக்கின் தண்டு 50 மி.மீ. நகரும் என்றால் 12.5 முதல் 15 மி.மீ. அமுங்கினால் சரி. ஷாக் பம்ப் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் அப்படி இல்லை. ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. வாரம் ஒரு ஆறு மணி நேரச் சவாரி என்றால் இரண்டே மாதத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். செய்யத் தெரிந்த கடை ஊரில் இருக்கிறதா, இல்லை சென்னைக்கோ பெங்களூருக்கோ பார்சல் போட வேண்டுமா என்பதை வாங்குவதற்கு முன்னாடியே விசாரித்துக்கொள்வது நல்லது.

தினசரிப் பழக்கம் எளிது. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணியை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். பைக் வாட்டர் சர்வீஸில் கொடுத்து வேகமாகப் பீய்ச்சினால் உப்புத் தண்ணி சீலைத் தாண்டி பேரிங்குக்குள்ளேயே போய்விடும். பேரிங் மாற்றும்போது படகு மோட்டாருக்குப் போடும், தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் பயன்படுத்தலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. “அண்ணாச்சி, இதுல மொத்தம் எத்தனை பிவட் பேரிங்? நம்பர் என்ன?” 6902 போன்ற பொது அளவாக இருந்தால் சாதாரண பேரிங் கடையிலேயே தேடலாம். கம்பெனிக்கு மட்டுமேயான அளவு என்றால் யோசிக்க வேண்டும்.

2. பிவட் போல்ட்டை சாதாரண ஆலன் கீயால் கழற்ற முடியுமா, தனிக் கருவி வேண்டுமா?

3. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், ஸ்ராம் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த ‘யுனிவர்சல்’ வகையா? கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுதான். இந்த வகை பல பிராண்டுகளுக்கும் பொது என்பதால் தேடுவது சுலபம்.

4. ஃபிரேம் மட்டும் தனியாக வாங்கினால், ஷாக்கின் நீளம், பின் அச்சின் அகலம், பெடல் அச்சின் வகை மூன்றும் கையில் இருக்கும் பாகங்களோடு பொருந்துமா?

5. வாரன்டியில் துரு, உப்பு அரிப்பு சேருமா? பேரிங்குகள் சேருமா? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஃபிரேம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின் பாகத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பார்க்க வேண்டும். வழவழவென்று போனால் பரவாயில்லை. நடுவில் தட்டுகிறது, நொறுநொறுக்கிறது என்றால் பேரிங் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசலாம். பேரிங் குழிக்குள் வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த ஃபிரேமை விட்டுவிடுவதே நல்லது.