கழித்த புள்ளி யாருக்குப் போகிறது?

ஃபுட்பால் புள்ளிப் பட்டியலுக்கு அடியில் சில சமயம் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இந்த கிளப்புக்கு இத்தனை புள்ளி கழிக்கப்பட்டது என்று. பல வருஷம் அதைப் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். எவர்டன் விவகாரம் வந்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் விதி. அப்போது இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டுதான் நஷ்டம் காட்ட முடிந்தது. இளைஞர் பயிற்சி, பெண்கள் அணி மாதிரியான செலவுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. 2021-22 சீசனோடு முடிந்த கணக்கில் எவர்டன் காட்டிய நஷ்டம் 12.45 கோடி. அதாவது 1.95 கோடி அதிகம். 2023 நவம்பரில் 10 புள்ளி கழித்தார்கள். அப்பீலில் அது 6 ஆனது. அடுத்த கணக்கிலும் மீறியதால் 2024 ஏப்ரலில் இன்னும் 2 போச்சு. அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் 4 புள்ளி காலி.

சரி, அபராதம் போட்டா போதாதா? போதாது. பணக்கார முதலாளி இருக்கும் கிளப்புக்கு அபராதம் என்பது இன்னொரு செலவு, அவ்வளவுதான். அவர் செக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கூடுதலாகச் செலவு செய்ததால் களத்தில் லாபம் கிடைத்தது என்றால், தண்டனையும் களத்தில்தான் இருக்க வேண்டும். இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் சிக்கல் இதுதான்: எந்த வருஷத்துக் களம்?

விதி மீறப்பட்ட 2021-22 சீசனின் முடிவைப் பாருங்கள். எவர்டன் 39 புள்ளி, 16ஆம் இடம். லீட்ஸ் 38. பர்ன்லி 35 புள்ளியோடு 18ஆம் இடம், அதனால் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. எவர்டனின் அந்த 6 புள்ளியை அந்த வருஷமே கழித்திருந்தால்? 33. எவர்டன் இறங்கியிருக்கும், பர்ன்லி தப்பித்திருக்கும்.

தண்டனை உண்மையில் வந்தது 2023-24இல். அதற்குள் பர்ன்லி கீழே போய், ஒரே வருஷத்தில் மேலே ஏறி வந்திருந்தது. அந்த சீசனில் எவர்டனும் ஃபாரஸ்டும் சேர்ந்து மொத்தம் 12 புள்ளி இழந்தன. கடைசியில் எவர்டன் 40, ஃபாரஸ்ட் 32, லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்ட் யுனைடெட் 16. இறங்கியது கடைசி மூன்று அணிகள். 12 புள்ளியைத் திருப்பிச் சேர்த்தாலும் அதே மூன்றுதான்! புள்ளி கழித்ததால் யாரும் இறங்கவுமில்லை, யாரும் பிழைக்கவுமில்லை. பர்ன்லி மறுபடி இறங்கியதுதான் மிச்சம்.

அந்தப் பட்டியலில் இருக்கும் லூட்டனுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 2008-09இல் நான்காம் டிவிஷனில் அந்த கிளப் மைனஸ் 30இல் சீசனைத் தொடங்கியது. ஏஜென்ட்டுகளுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததற்கு 10, திவால் நிலையிலிருந்து விதிப்படி வெளியே வராததற்கு 20. பழைய நிர்வாகம் போய், ரசிகர்களும் சேர்ந்த ஒரு புதுக் குழு கிளப்பைக் கையில் எடுத்திருந்த நேரம். நொங்கு தின்னவன் தப்பிச்சுட்டான், நோண்டித் தின்னவன் மாட்டிக்கிட்டான் என்பார்களே, அந்தக் கதை. களத்தில் லூட்டன் சம்பாதித்தது 56 புள்ளி. கைக்கு வந்தது 26. லீக்கை விட்டே வெளியேறி, திரும்பி வர ஐந்து வருஷம் ஆனது.

பிரீமியர் லீக் பிறகு கணக்கு கொடுக்கும் கெடுவை டிசம்பர் 31க்கு முன்னால் கொண்டுவந்தது. அதனால் தீர்ப்பு அடுத்த சீசனுக்குள் வர வழி ஏற்பட்டது. முன்னேற்றம்தான். ஆனாலும் ஒரு சீசன் தாமதம்.

என்னைக் கேட்டால், புள்ளி கழிப்பது தப்பு செய்தவனுக்கு வலிக்கத்தான் செய்கிறது. அந்தத் தப்பால் நஷ்டப்பட்டவனுக்கு அதில் ஒன்றும் திரும்பி வருவதில்லை. இப்போதெல்லாம் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தால், இது எந்த வருஷத்துக் கடன் என்று தேடி, அந்த வருஷம் 18ஆம் இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்கிறேன்.