மோட்டார் சைக்கிள் சைலன்சரில் துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றுதல்

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை எஞ்சின் தலையுடன் இணைக்கும் நட்டுகளும் ஸ்டட்களும் துருவேறி இறுகிப்போவது ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பரவலாகக் காணப்படும் பழுது ஆகும். ஸ்டட் என்பது இருபுறமும் மரை வெட்டப்பட்ட, தலையில்லாத ஆணி. அதன் ஒரு முனை அலுமினியத்தாலான எஞ்சின் தலைக்குள் திருகப்பட்டிருக்கும். மறுமுனையில் புகைக்குழாயின் விளிம்புத்தகட்டை வைத்து நட்டுப் போட்டு முடுக்குவர். பெரும்பாலான ஒற்றை உருளை வண்டிகளில் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு ஸ்டட்கள் இருக்கும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் குழாய் தலையின் துளைக்குள் செருகி நிற்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

நட்டுக் கழலாதது சிறிய தொல்லைதான். ஆனால் வலுக்கட்டாயமாகத் திருகி ஸ்டட்டை முறித்துவிட்டால், எஞ்சின் தலையையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக நேரிடலாம். ஆகவே இந்த வேலையில் வலிமையைவிடப் பொறுமையே முதன்மையானது.

காரணங்கள்

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். வெப்பம் அந்த வேதிவினையை விரைவுபடுத்தும். புகைக்குழாயின் வாயில் மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. அந்த வாய் பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரத்தை நோக்கியே இருப்பதால், சாலையின் சேறும் நீரும் சூடான நட்டின்மீது நேரே தெறிக்கின்றன. துரு, தான் உருவான இரும்பைவிட இரு மடங்கோ அதற்கு மேலோ இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி இதனால் அடைபட்டு, நட்டு ஸ்டட்டுடன் ஒட்டிக்கொள்கிறது.

ஸ்டட்டின் உள்முனையில் நடப்பது வேறு. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும். அதில் அரிபடுவது அலுமினியம். அப்போது உண்டாகும் வெண்ணிறப் பொடி மரைக்குள் இறுகி ஸ்டட்டைப் பிடித்துக்கொள்ளும்.

நீலகிரி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலான உயரத்தில் அமைந்துள்ள அருவங்காட்டில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்கின்றன. மழையில்லாத நாளிலும் மூடுபனி வண்டியை நனைத்துவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று செய்யும் வேலையை இங்கே ஓயாத ஈரம் செய்கிறது.

குறுகிய தொலைவு ஓட்டமும் ஒரு காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவியாக வெளியேறுகிறது. வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கோ கடைத்தெருவுக்கோ இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதில்லை. அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கி, குழாயையும் இணைப்புகளையும் உட்புறமிருந்து அரிக்கிறது.

கழற்றும் முறை

1. வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் நன்கு தேய்க்க வேண்டும். அங்குள்ள துரு நீங்காமல் நட்டைத் திருப்பினால், நட்டு அந்தத் துருவிலேயே சிக்கி ஸ்டட்டை முறிக்கும்.

2. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் மீண்டும் எண்ணெய் விடலாம். சூடாகி ஆறும்போது மரையின் இடுக்குகள் எண்ணெயை உள்ளிழுக்கும். தேவையானால் இதை இரண்டு மூன்று நாள் தொடரலாம்.

3. நட்டின் தலையில் சிறு சுத்தியலால் மெல்லப் பலமுறை தட்டினால் துருப்படலம் விரிசல் விடும்.

4. ஆறு பக்கமும் பொருந்தும் சாக்கெட்டை மட்டும் பயன்படுத்த வேண்டும். திறந்தவாய் ஸ்பானர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

5. முதலில் மிகச் சிறிதளவு முடுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்த வேண்டும். அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்றாமல், கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று முடுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்த வேண்டும்.

நட்டுக் கழலும்போது "டக்" என்ற ஓசையுடன் விடுபடும். அவ்வாறின்றி, ரப்பரைத் திருகுவதுபோல் இழுவையாகத் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அப்போது திரும்புவது நட்டு அன்று, ஸ்டட் முறுக்கேறுகிறது. அடுத்த அரைச் சுற்றில் அது முறியும். நட்டுடன் ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்தால் கவலை வேண்டாம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

வெப்பத்தைப் பயன்படுத்துதல்

எண்ணெய்க்கு அசையாத நட்டை எரிவாயுச் சுடரால் சூடாக்கலாம். சுடர் படும் நட்டு, உள்ளிருக்கும் ஸ்டட்டுக்கு முன்பே விரிவதால் பிடி தளரும். சூடான நட்டில் மெழுகுவத்தியைத் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் ஊடுருவி உயவாக அமையும். ஸ்டட்டை எடுக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும்.

அலுமினியம் ஏறக்குறைய 660 பாகை செல்சியசில் உருகும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது என்பதால் சுடரை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. சூடாக்குமுன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்து, ஊற்றிய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவம் பட்ட இடத்தில் சுடர் காட்டவே கூடாது. அதிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகலாம்.

நட்டின் மூலைகள் உருண்டுபோயிருந்தால், ஸ்டட்டுக்கு இணையாக நட்டின் ஒரு பக்கத்தை ரம்பத்தால் மரை வரை அறுத்து, உளியால் பிளந்து எடுப்பதே பாதுகாப்பானது.

ஸ்டட் முறிந்தால்

முறிந்த ஸ்டட் சிறிது வெளியே நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங் வெப்பமே துருவின் பிடியைத் தளர்த்திவிடும். வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தலைமட்டத்தில் முறிந்திருந்தால் சரியான நடுவில் புள்ளி குத்தி, சிறிய துளையில் தொடங்கித் துளையிட வேண்டும். துளை நடுவிலிருந்து விலகினால் மென்மையான அலுமினியம் பழுதாகும். ஈசி-அவுட் எனும் கருவி மிகக் கடினமான எஃகாலானது. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. முன்பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் லேத் பட்டறையை நாடுவதே சிக்கனம். மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் எனும் எஃகுச் சுருள் பொருத்திப் புது மரை அமைப்பர்.

மீண்டும் பொருத்துதல்

பழைய கேஸ்கெட்டை அகற்றிப் புதியது போட வேண்டும். மரைகளில் செப்புத்தூள் கலந்த வெப்பந்தாங்கும் பசையைத் தடவ வேண்டும். பித்தளை நட்டுகள் துருப்பிடிக்காதவை என்பதால் ஈரமான ஊர்களுக்கு ஏற்றவை. சைலன்சரின் பின்பக்கப் போல்ட்டைத் தளர்வாக விட்டு, முன்பக்க நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கியபின், பின்பக்கத்தை இறுக்க வேண்டும். சில நாள் ஓட்டத்துக்குப் பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இணைப்பைச் சுற்றிக் கரிப்படிவோ, ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடியோசையோ இருந்தால் புகை கசிகிறது என்று பொருள். கசிவைச் சோதிக்க எஞ்சினை ஓடவிடும்போது, குளிருக்காகக் கொட்டகைக் கதவை மூடிக்கொள்ளும் வழக்கம் மலையூர்களில் உண்டு. இது உயிருக்கு ஆபத்தானது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே எஞ்சினை எப்போதும் திறந்த வெளியிலேயே ஓடவிட வேண்டும்.