பாம்பு காலை இழந்தது எப்படி?

பாம்புக்கு ஏன் கால் இல்லை? காலை உருவாக்கும் ஜீன் அதனிடம் அழிந்துவிட்டது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. அந்த ஜீன் பாம்பிடம் இன்றும் இருக்கிறது! இந்த விந்தையைச் சற்று ஆராய்வோம்.

நம் செல்லின் உட்கருவில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, 46 துண்டுகளாக அடங்கியுள்ளது. உட்கருவின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே இழை மடிந்தே கிடக்கிறது. அம்மாவின் சேலையை நினைத்துப் பாருங்கள். விரித்தால் முந்தானை ஒரு கோடி, மறு தலைப்பு ஒரு கோடி. மடித்து வைத்தாலோ இரண்டும் அருகருகே வந்துவிடும்.

கருவில் கை கால் வளர உதவும் ஜீனின் பெயர் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'. அதை இயக்கும் விசை, மனிதரிடம் சுமார் 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு அப்பால் உள்ளது. மடிப்பே இரண்டையும் அருகில் சேர்க்கிறது. இழை முறிந்து அவை வெவ்வேறு மடிப்புகளுக்குப் போய்விட்டால் உறுப்பின் வளர்ச்சி கெடும். அதனால்தான் மீன் முதல் மனிதன் வரை, கோடிக்கணக்கான ஆண்டுகளாக இவ்விரண்டும் பிரியாமல் இருந்து வருகின்றன.

இதே ஜீன் மூளை வளரவும் தேவை. அதற்கு வேறு விசைகள் உண்டு. எனவே பரிணாமத்தில் பாம்பு ஜீனை இழக்கவில்லை. காலுக்குரிய விசை மட்டுமே பழுதுற்றது. 2016-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், எலியின் விசையை எடுத்துவிட்டு மலைப்பாம்பின் விசையை வைத்தனர். பிறந்த எலிகளின் கால்கள் குறுகிப்போயிருந்தன. அவ்விசையில் விடுபட்டிருந்த 17 எழுத்துகளைச் சேர்த்ததும் கால்கள் வளர்ந்தன!

இவ்விசையில் ஓர் எழுத்து மாறினாலே குழந்தைக்குக் கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரல் தோன்றக்கூடும் என்று 2003-இல் அறிவிக்கப்பட்டது. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததே இத்தகைய குறைக்குக் காரணம் என்று பழி கூறுவோர் நம்மிடையே உண்டு. தோழியரே, அத்தாய் எந்தத் தவறும் செய்தவள் அல்லள். கிரகணம் அந்த எழுத்தை மாற்றுவதில்லை. இதை வீட்டிலும் அண்டையிலும் எடுத்துச் சொல்லுங்கள்.